கோடு போட்ட பைனாகுலர்

கோயமுத்தூருக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டவற்றில் இதுவும் ஒன்று. இங்கே குளக்கரையில் ஒருவர் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தால், பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் அவர் பார்க்கும் திசையில் திரும்பிப் பார்க்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர் டம்ளரோடு எழுந்து வந்து, "என்னங்க தெரியுது?" என்று கேட்கிறார். எங்கள் ஊரில் நாங்கள் அந்தக் கருவியின் மறுமுனையில் வாழ்ந்தவர்கள். கடலேரிக்கு அப்பால் ராணுவ முகாமின் காவற்கோபுரத்தில் இரண்டு கண்ணாடிகள் வெயிலில் மின்னினால், வயலில் நின்றவர்கள் தலையை நிமிர்த்தாமல் பனைகளுக்குப் பின்னால் போய்விடுவார்கள். ஓடக்கூடாது, ஓடினால் சுடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் நடப்பார்கள். வாலாங்குளத்தின் கரையில் முதன்முதலாக ஒருவர் என் பக்கம் பைனாகுலரைத் திருப்பியபோது நானும் அப்படித்தான் நடந்தேன். எனக்குப் பின்னால் ஒரு மீன்கொத்தி இருந்திருக்கிறது.

அந்த ஒருவர் ராஜாமணி. பம்ப் செட் கம்பெனியில் வார்ப்பட உருப்படிகளின் அளவைச் சரிபார்க்கும் வேலை. ஞாயிறு காலைகளில் ஐந்தாறு பேருடன் குளங்களைச் சுற்றுவார். அவர்களுடைய பறவைப் பட்டியல் அட்டையை அச்சடிக்க நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு வந்தபோது இரண்டாவது முறை சந்தித்தோம். ஊரில் பத்திரிகை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் இருந்தவன் நான். இங்கே கல்யாணப் பத்திரிகைக்கும் காலண்டருக்கும் பிழை திருத்தினேன். அட்டையில் இரண்டு பறவைப் பெயர்கள் பிழையாக இருந்ததைச் சுட்டினேன். "ஏனுங் சார், பறவையெல்லாம் தெரியுமுங்களா?" என்றார். பெயர்கள்தான் தெரியும் என்றேன். அடுத்த ஞாயிறு கூப்பிட்டார். போனேன்.

ஆறு பேருக்கு இரண்டு பைனாகுலர்கள். ஒன்று கை மாறி மூன்றாவது ஆளிடம் வருவதற்குள் பறவை போய்விடும். குளத்திலாவது வாத்தும் நாரையும் சற்றுப் பொறுமை காட்டும். ஆனைமலை அடிவாரத்துக்கு ஒரு நாள் போவதாகத் திட்டம் போட்டபோது ராஜாமணி சொல்லிவிட்டார். "காட்டுல கடன் வாங்கிப் பார்க்கற கதையெல்லாம் நடக்காதுங்க. சின்னதா ஒண்ணு வாங்கிப்போடுங்க." எதை வாங்குவது என்று ஒரு மாதம் பாடம் நடத்தினார். பத்து மடங்கு பெரிதாக்குவதை எடுக்காதே, கை ஆடும். ஏழு அல்லது எட்டு போதும். முன்கண்ணாடி சிவப்பாக மின்னுவது விளையாட்டுச் சாமான். பெட்டியில் நூறு மடங்கு என்று போட்டிருந்தால் கடையை விட்டே வெளியே வா. கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் கண்வைக்கும் பக்கம் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு மின்கம்பியைப் பார், அது ஒரே கம்பியாகத் தெரிய வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ரப்பர் விளிம்பு மடங்க வேண்டும். இவை எல்லாம் இன்றும் சரியான ஆலோசனைகள். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டவுன்ஹால் பக்கம் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். அவர்கள் கொடுத்த கருவிகளால் மணிக்கூண்டைப் பார்த்தபடி தெருவில் நின்றேன். ஒரு கடையில் ஜப்பானில் செய்த நல்ல கருவி இருந்தது. நடுவில் ஒரே சக்கரம், விரல் நுனியால் திருகினால் இரு கண்களுக்கும் சேர்ந்து தெளியும். ரசீது, ஒரு வருட உத்தரவாதம். விலை என் ஒன்றரை மாதச் சம்பளம். பிறகு கோட்டைமேட்டுக்குள் சுலைமான் பாய் கடைக்குப் போனேன். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பழைய கேமரா எல்லாம் பழுது பார்ப்பவர். துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். ரஷ்யாவில் செய்தது, எட்டு மடங்கு. அந்த நாடு உடைந்த பிறகு மெட்ராசுக்கு வந்த யாரோ ஒருவர் கைச்செலவுக்கு விற்றுவிட்டுப் போனது.

"குறை இருக்குதுங்க, முன்னாடியே சொல்லிப்போடறேன்," என்றார் பாய். "ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா திருகோணும். அப்புறம் வலது கண்ணுல கோடு இருக்கும். பட்டாளத்துக்குச் செஞ்சதுங்க. தூரம் கணக்குப் பண்ற கோடு. அதனாலதான் பாதி விலை. கண்ணாடி மட்டும் இந்த வீதியில எவன்கிட்டயும் கிடைக்காதுங்க."

வாசலில் நின்று கம்பியைப் பார்த்தேன். ஒரே கம்பி. கம்பியில் இருந்த கரிக்குருவியின் வால் பிளவு தெரிந்தது. அதன் மார்பின் மேல் ஒரு மெல்லிய குறுக்குக் கோடும், கோட்டின் மேல் பற்களைப் போலச் சிறிய கீறல்களும் விழுந்திருந்தன. இப்படித்தான் பார்த்தார்கள் என்று நினைத்தேன். பனைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த என் முதுகிலும் இந்தப் பற்கள் விழுந்திருக்கும். அப்போதே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் தெளிவாக இருந்தது, கையில் இருந்த பணத்துக்குள் இருந்தது, ஆனைமலைப் பயணத்துக்கு மூன்று வாரமே இருந்தது. ரசீது கேட்டேன். "வாங்கினதுக்கே பில் இல்லீங்களே, எங்கிருந்து குடுக்கறது?" என்று பாய் சிரித்தார். நானும் சிரித்தேன்.

என் மனைவி சறோ சிரிக்கவில்லை. "இதை ஏன் வீட்டுக்குள்ள கொண்டு வந்தனீங்கள்?" என்றாள். பறவை பார்க்க என்றேன். "பறவையெண்டு ஆர் நம்புவினம்? எங்களை வெளியில இருக்க விட்டிருக்கிறதே பெரிய காரியம்." அவள் சொன்னது உண்மை. கடல் தாண்டி வந்ததும் ஒன்றரை வருடம் அகதி முகாமில் இருந்தோம். அது பழைய கிடங்கு ஒன்று. சேலையைக் கட்டிப் பிரித்த பத்தடிக்குள் குடும்பம். உரமூட்டை கிடந்த தரையின் தூசியில் சறோவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கி, இரண்டு முறை அவள் பிழைக்க மாட்டாள் என்று சொன்னார்கள். முகாமுக்கு வெளியே தங்க அனுமதி கிடைத்தது அதன் பிறகுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மாதம் ஒரு முறை ஸ்டேஷனில் கையெழுத்து. அனுமதி போனால் கிடங்கு. அவளுக்கு அது மறுபடி மூச்சுத் திணறும் இடம். எனக்கும் அது தெரியும். அவள் பைனாகுலரைத் துவாயில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்தாள்.

அடுத்து நான் செய்ததை இந்த ஊர்க்காரர் எவரும் செய்திருக்க மாட்டார். நகரத்தை விட்டு ஒரு நாள் வெளியே போவதற்கு அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்கு விண்ணப்பம் எழுதினேன். அதோடு நான் கொண்டுபோகும் பொருட்களின் பட்டியலையும் இணைத்தேன். ஊரில் பொருட்களுக்குத் தடை இருந்த காலத்தில் சோதனைச் சாவடியைக் கடப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். சவர்க்காரம் இரண்டு, மெழுகுவர்த்தி நான்கு என்று எழுதிக் கையில் வைத்திருப்போம். பட்டியலில் இல்லாத பொருள் பையில் இருந்தால்தான் ஆபத்து. எழுதிவிட்டால் பயமில்லை என்று உடம்பு பழகியிருந்தது. சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர்ப் போத்தல், மருந்து ஏதுமில்லை, ரஷ்யத் தயாரிப்பான தொலைநோக்கி ஒன்று, குறிப்பேடு ஒன்று. சாப்பாட்டுப் பொட்டலத்தை வாசித்தபோது ஏட்டு சிரித்தார். "இதையெல்லாம் ஆருங்க எழுதச் சொன்னது?" என்றார். நாலாவது வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பின்னர் ராஜாமணியிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட ஏனுங் சார்! உக்கடத்துல பொள்ளாச்சி பஸ் ஏறிப் போயிட்டு, இருட்டறதுக்குள்ள வந்துபோட்டா முடிஞ்சுதுங்க. உங்களை ஆரு கேட்கப் போறாங்க?" கேட்காமல் ஒரு பஸ்ஸில் ஏறலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் காலை சாதாரண உடையில் இரண்டு பேர் வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றினார்கள். "அம்மணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க," என்று கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஊரில் தேட வருபவர்கள் கதவை உதைப்பார்கள். இங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' சேர்த்து, அரிசி வாளியைத் தரையில் கவிழ்த்தார்கள். மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பைனாகுலரையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு, "நீங்களும் வந்துபோட்டுப் போயிருங்க," என்றார்கள். சறோ அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பைனாகுலரை விடக் குறிப்பேடுதான் என்னை மாட்டிவிட்டது. அதிகாரி அதை விரித்து மேசையில் வைத்திருந்தார். என் கையெழுத்து. 'காலை 6.10. தெற்குக் கரை. நா.கோ. 14. ரயில் பாதையைக் கடந்து கிழக்கே.' 'மாலை 5.40. மு. 3. தாழ்வாக.' நிருபராக இருந்தபோது ஹெலிகாப்டர்களை இப்படித்தான் குறிப்பேன். நேரம், எண்ணிக்கை, திசை, உயரம். பறவைக்கு என்று வேறு ஒரு முறையை நான் கற்றுக்கொள்ளவில்லை.

"நா.கோ. யாருங்க?"

"நாமக்கோழி. நெற்றியில வெள்ளை இருக்கும். குளத்தில நீந்தும்."

"பதினாலு கோழி ரயில் பாதையைத் தாண்டுச்சுங்களா?"

"ஓம்."

"அதை எதுக்குங்க மணி பார்த்து எழுதோணும்?"

அதிகாரி பைனாகுலரை எடுத்து ஜன்னல் வழியே பார்த்தார். கோட்டைப் பார்த்திருப்பார். மெதுவாகக் கீழே வைத்தார். "பறவை பார்க்கறதுக்கு எதுக்குங்க அளவுகோல்?" குரல் உயரவே இல்லை. அந்த அறையில் எவரும் என்னைத் தொடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அறையை விட்டு வெளியே வந்தபோது நடைவழிப் பெஞ்சில் சுலைமான் பாய் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கே இருந்திருக்கிறார். எங்கே வாங்கினேன் என்று முதலில் கேட்டபோதே நான் அவர் பெயரைச் சொல்லியிருந்தேன். நகரத்தில் குண்டுகள் வெடித்ததற்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் கோட்டைமேட்டிலிருந்து ஒரு பாயை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனால் தெருவில் என்ன பேச்சு எழும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். அவர் வாசலுக்கே வந்துவிட்டார். "உங்க மேல தப்பில்லீங்க. ஆனா இனி இந்தப் பக்கம் வராதீங்க. எனக்கு இருக்கற பேரே போதுமுங்க." பேசிக்கொண்டிருக்கும்போதே தெருவின் இரு முனையையும் பார்த்துக்கொண்டார்.

என்னைக் காப்பாற்றியது ஒரு பொய். விசாரணை நடந்த அன்று மாலையே, செய்தி தெரிந்து, ராஜாமணி கம்பெனி உடுப்போடு, கையில் எண்ணெய்க் கறையோடு ஸ்டேஷனுக்கு வந்தார். பறவைப் பட்டியல் அட்டையை மேசையில் வைத்தார். "கண்ணாடி என்னோடதுங்க. சார்கிட்டப் பார்க்கக் குடுத்திருந்தேன். வேணும்னா எழுதித் தர்றனுங்க." அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். கோப்பை மூடுவதற்கு அது போதுமானதாக இருந்தது. ராஜாமணி எழுதிக் கொடுத்தார். அதன் கீழே, மேற்படி பொருள் என்னுடையதல்ல என்று நான் கையெழுத்திட்டேன். பைனாகுலரை ராஜாமணியிடம் கொடுத்து, எனக்குக் குறிப்பேட்டை மட்டும் திருப்பித் தந்தார்கள். "பறவை பேரும் எண்ணிக்கையும் எழுதிக்குங்க, வேண்டாங்கல. நேரம், இடம், திசை இதெல்லாம் வேண்டாங்க," என்றார் அதிகாரி. அனுமதியை ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதமாகப் புதுப்பித்தார்கள். கிடங்கு மூன்று மாத தூரத்துக்கு நகர்ந்து வந்து நின்றது.

ஆனைமலைக்கு அவர்கள் போய் வந்தார்கள். ராஜாமணி திரும்பி வந்து சொன்னார். "நெம்ப நல்ல கண்ணாடிங்க. ஆனா இருவாய்ச்சி வந்துச்சு பாருங்க, ரெண்டு கண்ணையும் திருகறதுக்குள்ள பறந்து போயிருச்சு." பிறகு, நான் கேட்காமலே, "காட்டுக்கு இது ஆகாதுங்க. குளத்துக்கு ஆகும்," என்றார். அதனால் ஞாயிறுகளில் கரையில் நிற்கும்போது தன் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் தருகிறார். போலீஸ்காரர் எவராவது சைக்கிளில் வந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

உங்களில் யாராவது, எந்த நாட்டில் இருந்தாலும், முதல் பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் கம்பியைப் பாருங்கள், வட்டத்தைப் பாருங்கள். அதற்கு முன் ரசீது கேளுங்கள். கோடு போட்டதை, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வைத்துவிட்டு வாருங்கள். ஒன்றரை மாதச் சம்பளம் அதிகம் இல்லை. சொந்த ஊரில் இருப்பவருக்குத்தான் அது அதிகம்.

அதிகாரி சொன்னபடியே எழுதி வருகிறேன். போன வாரம் சறோ சோற்றை இறக்கிவிட்டு வந்து, நான் பக்கத்தில் வைத்திருந்த குறிப்பேட்டை எடுத்து விரித்தாள். பைனாகுலரோடு போலீஸார் எடுத்துப் போன நாளுக்குப் பிறகு அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சத்தமாக வாசித்தாள். "நாரை ஆறு. நீர்க்காகம் ஒன்பது. மீன்கொத்தி ஒண்டு. உள்ளான் இருபது." அவள் ஊரில் தொண்டைமானாற்றுக் கடலேரிக் கரையில் பிறந்தவள். இந்தப் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். பக்கத்தைத் திருப்பினாள். "இது தொண்டைமானாற்றில பாத்ததே?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். இடம் எழுதாத தாளில் அதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. அவள் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு பறவையையும் அங்கே இறக்கி வைத்தபடி.