நேற்றுப் பிடித்த தண்ணீர்

இல்லை, எனக்கு யாரும் அழைத்துச் சொல்லவில்லை. துறையின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. செய்முறைத் தேர்வு அட்டவணைக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்கத்துக்கும் நடுவில், ஒரு வரி. விலங்கியல் ஆய்வக உதவியாளர் கலாவதி நேற்று தஞ்சாவூரில் மருத்துவமனையில் காலமானார். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நானும் ஒன்று போட்டேன்.

அப்போது குடவாசல் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். நன்னிலத்திலிருந்து வரும் பேருந்தில் ஜன்னலோரம் ஏறி, பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வருவார் கலாக்கா. அவர் விடுப்பில் போன ஒரு மாதமாக அந்த இடத்தில் யார் யாரோ உட்கார்ந்து வருகிறார்கள். அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது.

இரங்கல் கூட்டத்தில் எப்போதும் சிரித்த முகம் என்று சொன்னார்கள். நம் கல்லூரி மடலில் இதைப் படிக்கும் நீங்கள் அவருடன் வேலை பார்த்தவர்கள். உங்களுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வயது, சுருக்கமான பேச்சு, கண்ணாடிக் குடுவையைத் தப்பாகப் பிடித்தால் பேராசிரியர் என்றும் பார்க்காத ஒரு முறைப்பு. சிரித்த முகம் வேறு யாருடையதோ.

ஆய்வக வாசலில் இருந்த நான்கடி மீன்தொட்டி அவர் பொறுப்பு. மீன்களைவிட அதிலிருந்த செடிகள்தான் அவருக்கு முக்கியம். ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் தொட்டியின் மூலை ஒட்டு விட்டு, தரையெல்லாம் தண்ணீர். நான் துடைப்பம் தேடி ஓடினேன். அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக வேரோடு எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெயிண்ட் வாளிகள், மாவு வைக்கும் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்டு மீன் வரும் ஒரு தெர்மாகோல் பெட்டி. நான்கிலும் பிரித்து வைத்தார்.

“ஒரு வாரந்தான் மிஸ்,” என்றார்.

புதுத் தொட்டி கேட்டு எழுதிய கடிதம் அலுவலகத்துக்குப் போனது. பதினான்கு மாதம் அங்கேயே இருந்தது. இடையில், ஆய்வகத்தில் பெயிண்ட் வாளி பார்க்க நன்றாக இல்லை என்று மட்டும் பதில் வந்தது. கலாக்கா நான்கு காகிதங்களில் ‘தற்காலிகம்’ என்று எழுதி நான்கிலும் ஒட்டினார். பதினொரு வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருந்தவர் அவர். நான் மூன்று வருடமாகக் கௌரவ விரிவுரையாளர்.

“நமக்கு ஒட்டலையேன்னு பாக்குறீங்களா?” என்று கேட்டார். அன்று மட்டும் சிரித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் முறை எளிமையானது என்று இப்போது தெரிகிறது. எங்கள் குழாயில் ப்ளீச்சிங் வாடை அடிக்கும். மாலை கிளம்பும் முன் ஒரு வாளி பிடித்து மூடாமல் வைப்பார். மறுநாள் அதைத்தான் ஊற்றுவார். அதற்குப் பெயர் நேத்துத் தண்ணி. அதிலும் பாதிதான் மாற்றுவார். முழுசா மாத்துனா செடிக்கு ஊரு மாறுன மாதிரி, என்பார். வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னல். அழுகிய இலையை அன்றன்றே கிள்ளிவிடுவது. இவ்வளவுதான். ஆனால் இதை ஒருநாளும் வரிசையாகச் சொன்னதில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

“எழுதிக் குடுத்தா அதப் படிப்பீங்க. செடியப் பாக்க மாட்டீங்க.”

அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போதும் அப்படித்தான். எழுதியிருக்கலாம்.

டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வந்த நாள் நினைவிருக்கிறதா? தேங்கிய தண்ணீர் எங்கே கண்டாலும் கவிழ்த்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. ஒரு பெண் வாளியின் விளிம்பில் கை வைத்துவிட்டார். கலாக்கா குறுக்கே போய் நின்றார். டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துக் காட்டினார். கப்பி மீன்கள். ஒவ்வொரு வாளியிலும் நான்கைந்து.

“கொசு முட்டை வச்சா இதுங்க தின்னுரும். இங்க தேடாதீங்க, பிரின்ஸிபால் ரூம் பூச்சட்டியில பாருங்க, நெறய கெடைக்கும்.”

அவர்கள் போய்ப் பார்த்தார்கள். கிடைத்தது. அதற்குப் பிறகும் தொட்டிக் கடிதம் நகரவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

புரட்டாசியில் ஒரு வாளியை இடம் மாற்ற வேண்டியிருந்தது. அவர் வருவதற்குள் நானே தூக்கினேன். நிறைந்த வாளி. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள் மேல். அவர் கைப்பிடியை வாங்கிப் பார்த்தார். பாதியை மொண்டு ஊத்திட்டுத் தூக்கணும்னு தோணலையா என்று கேட்டார். இரண்டு நாள் பேருந்தில் எனக்கு இடம் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பிடித்தார். மடியில் டிபன் டப்பா. பசியில் கேட்காமல் திறந்தேன். உள்ளே நனைந்த செய்தித்தாள், அதற்குள் வேரோடு செடிகள். வீட்டில் கிளைத்ததைக் கொண்டுவருகிறார். தண்ணீர் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். ஈரம் இருந்தால் போதும், முங்க வேண்டும் என்று இல்லை, நாலு நாள்கூடத் தாங்கும் என்றார்.

இதை நான் கேட்டேன். என் காதால் கேட்டேன். அதனால்தான் இதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்காகப் பத்து நாள் விடுப்பு என்று போனார். செடிகளை என்னிடம் விட்டுப்போனார். காய்ச்சல் வந்து பத்து நாள் நீண்டது. இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன். அது பாதி உண்மை. தெரியாது என்று அவரிடம் ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். குறுவை நாற்றங்கால் மஞ்சளாகும்போது என்ன செய்வாரோ அதைச் சொன்னார்.

“கொஞ்சம் யூரியா தூவி விடும்மா. ரெண்டு நாள்ல கருகருன்னு வந்துரும்.”

நான் முதுகலை படித்தவள். வயலில் தண்ணீர் வரும், வடியும்; வாளியில் வடியாது என்று யோசித்திருக்க வேண்டும். நான்கிலும் தூவினேன். முதலில் கப்பிகள் மிதந்தன. பிறகு தண்ணீர் பாசிப் பச்சை. கிரிப்டோ என்று நாங்கள் கூப்பிடும் அகல இலைச் செடியின் இலைகள் கூழாகிக் கையோடு வந்தன. நாற்றம். எல்லாவற்றையும் கொல்லைப்புறக் குழாயடிக்கு எடுத்துப் போய்க் கொட்டினேன். வாளிகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவி முடித்ததும் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

மறுநாள் மதியம் அவரிடமிருந்து செய்தி. ஒரு போட்டோ அனுப்புங்க மிஸ். கைபேசியில் பழைய படம் ஒன்று இருந்தது. நான்கும் வரிசையாக, பச்சையாக. அனுப்பினேன். ‘நல்லா இருக்குக்கா’ என்றும் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறார்.

“அது ஆடி மாசத்துப் படம் மிஸ். அப்ப வாளிக்குக் கைப்பிடி இருந்துச்சு. சரி, விடுங்க. கிரிப்டோ கரைஞ்சிருக்கும், அதுக்கு அப்படித்தான், எடம் ஒத்துக்கலைன்னா எல்லா எலையும் விட்டுரும். வேரத் தூக்கிப் போட்டுறாதீங்க. அது வரும்.”

இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. நான் பதில் அனுப்பவில்லை. விடைத்தாள் கட்டு இருந்தது, அதைத் திருத்தினேன். குழாயடி ஆய்வகத்திலிருந்து இருபது அடி. அங்கும் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்கு அடுத்த காலையில்தான் அந்த ஒரு வரி.

அன்று பேருந்தை விட்டு இறங்கி நேராகக் குழாயடிக்குப் போனேன். ஆய்வுக் குழு வருகிறது என்று சாக்கடையைச் சுரண்டி, ஓரமெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோடு. துவைக்கும் கல்லுக்கு அடியில் மட்டும் துடைப்பம் எட்டவில்லை. குழாய் சொட்டும் இடம். அங்கே கிரிப்டோவின் வேர்க்கிழங்கு ஒன்று, கட்டைவிரல் அளவு, பழுப்பு நிறம், நான்கு வேர். ஒரு இலைகூட இல்லை. அழுத்திப் பார்த்தேன். கூழாகவில்லை. உயிர் இருக்கிறதா என்று கேட்க யாரும் இல்லை.

இரங்கல் கூட்டத்தின் முடிவில் ஓர் அறிவிப்பு வந்தது. கலாவதி நினைவாக ஆய்வக வாசலில் புதிய மீன்தொட்டி, அவர் பெயர் பொறித்த பலகையுடன். கை தட்டலாமா கூடாதா என்று எல்லோரும் தயங்கினோம். பிளாஸ்டிக் செடி வைத்துவிட்டால் பராமரிப்பு தொல்லை இல்லை என்று ஒருவர் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன், அவர்களும் படிப்பார்கள்: அந்தத் தொட்டியில் பிளாஸ்டிக் செடி வைக்காதீர்கள். வைப்பதானால் அவர் பெயரை எடுத்துவிடுங்கள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை: பதில் போடாத ஒரு குரல் பதிவு. வடக்கு ஜன்னலில் கைப்பிடி இல்லாத வாளி, அதில் அந்தக் கிழங்கு. பன்னிரண்டு நாளாயிற்று. ஒன்றும் வரவில்லை. ‘தற்காலிகம்’ காகிதத்தை நான் கிழிக்கவில்லை.

இன்று நாலரைக்கு, பேருந்துக்குக் கிளம்பும் முன், குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து மூடாமல் வைத்தேன்.