உமியில் ஓடிய கப்பல்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். ராஜகுளத்துப் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் நான்கு மாதம் வாட்ச்மேனாக இருந்துவிட்டு அன்று காலையில்தான் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. ஒரே வாசலை அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது, அவ்வளவுதான்.

சாலையோர டீக்கடையில் மாணவர்கள் நான்கு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் நோட்டு அட்டையை மறைப்பாக நிறுத்தி வைத்து, "கதவு திறக்குது. உள்ள யாரோ மூச்சு விடுற சத்தம். என்ன பண்றீங்க?" என்றாள். ஒருவன், ஒளிந்துகொள்கிறேன் என்று சொல்லி நெல்லிக்காய் போலப் பல முகம் வைத்த ஒரு பகடையை உருட்டினான். நான் டீயை மறந்து நின்றுவிட்டேன்.

"என்ன தாத்தா, புரியுதா?"

"புரியுது. நீதானே ஆகாசம்?" என்றேன்.

சிரித்தார்கள். அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த விளையாட்டு, இதற்கென்றே புத்தகம் இருக்கிறது என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். முன்பு ஒரு ரைஸ் மில்லில் நாங்கள் இதையே ஆடியபோது எங்களிடம் புத்தகம் இல்லை. கூட வேலை செய்த பச்சையம்மா வீட்டிலிருந்து வந்த பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடிதான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில், உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை சுமந்தேன். நெல் அவிக்கிற வாசனை உங்களுக்குத் தெரியுமா? கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் ஈரச் சாக்கு. சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை காலால் கிண்டிவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் குடோன் சுவரின் நிழலில் உட்கார்ந்திருப்போம். மிஷின் ஓட்டும் ஏகாம்பரம், பாய்லருக்கு உமி தள்ளும் கன்னியப்பன், களத்து வேலைக்கு மானாம்பதியிலிருந்து நடந்து வரும் பச்சையம்மா, அப்புறம் நான்.

அதற்கு முன் மெட்ராஸில் ஒரு வீடியோ கேசட் கடையில் கூட்டிப் பெருக்கினேன். சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ ஒரு கட்டு கேசட்டைக் கடையில் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு தொடர். தொப்பி வைத்தவர்கள், இடுப்பில் துப்பாக்கி, குதிரை, புழுதி. எல்லாம் பூமியில் இல்லை, நட்சத்திரங்களுக்கு நடுவில். ஓட்டைக் கப்பல் ஒன்றில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு நிலாவாகப் போவார்கள். இங்கிலீஷ் யாருக்கும் புரியாததால் அதை யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. எடுக்காததால் நான் நிறையப் பார்த்தேன். எட்டாவதில் பெயிலானவனுக்கு அந்தப் பேச்சில் என்ன தெரியும்? கதையை நானே போட்டுக்கொண்டேன்.

களத்து நிழலில் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஏகாம்பரம் சும்மா கேட்கிற ஆள் இல்லை. "நா அங்க இருந்தா அப்டி மாட்டிக்கினு இருக்க மாட்டேன்டா" என்றார்.

"சரிண்ணா, நீங்க இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

அப்படித்தான் தொடங்கியது. ஏகாம்பரம் கேப்டன். கன்னியப்பன் கப்பலுக்கும் பாய்லர்காரன்தான். அதனால் எங்கள் கப்பல் உமியில் ஓடியது. எல்லா நிலாவிலும் நின்று நின்று போகிறதே என்று பச்சையம்மா அதற்கு டவுன் பஸ் என்று பெயர் வைத்தாள். அவள் கணக்கும் பார்ப்பாள், காயத்துக்கு மருந்தும் வைப்பாள். கப்பலுக்கு வெளியே இருப்பதெல்லாம் நான்: காற்று, போலீஸ், கொள்ளைக்காரன், குதிரை. அதனால் எனக்கு ஆகாசம் என்று பெயர் விழுந்தது. என் சொந்தப் பெயர் மில்லில் யாருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல் கப்பலுக்குள்ளும் எனக்கென்று ஒரு ஆளை வைத்துக்கொண்டேன். மூட்டைக்காரன். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. வேறு யாரை எனக்குத் தெரியும்?

எதைச் செய்வதென்றாலும் தாயம் உருட்ட வேண்டும். கட்டை இரண்டும் வெறுமுகம் காட்டினால் பன்னிரண்டு, அதற்கு மேல் கிடையாது. ஒரு முறை மாடு ஏற்றிக்கொண்டு போகிறோம். மூணாவது நிலாவில் செக்போஸ்ட், தொப்பிக்காரன் துப்பாக்கியை நீட்டுகிறான்.

"சுட்றேன்" என்றார் ஏகாம்பரம்.

"இன்னாத்துக்கு சுட்ற? மாடுதான் கீதே. ஒரு சொம்பு பால் கறந்து குடு, உட்டுடுவான்" என்றாள் பச்சையம்மா. உருட்டினாள். பன்னிரண்டு. தொப்பிக்காரன் பாலைக் குடித்துவிட்டு சல்யூட் அடித்தான். நெல் கிண்டுகிற நேரம் தாண்டியதுகூடத் தெரியாமல் சிரித்தோம். கன்னியப்பனுக்கு மட்டும் ஒரு கவலை: "அவ்ளோ மாட்டுக்கும் சாணிய எங்கடா கொட்றது?"

நான் வேறு எந்த இடத்திலும் ஆறு மாதம் தங்கியதில்லை. அந்த மில்லில் ஒன்றரை வருஷம் இருந்தேன். உமி அறைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தேன். இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நினைத்தது அங்கேதான்.

ஏரி நிரம்பாத வருஷம் ஒன்று வந்தது. நெல் வரத்துக் குறைந்தது. நாலு பேரில் ஒருத்தரை முதலாளி நிறுத்தப்போகிறார் என்று பேச்சு வந்தது. ஏகாம்பரம் தாயக்கட்டையைத் தரையில் வைத்து, அதன் மேல் கையையும் வைத்து, "ஒருத்தர அனுப்பினா நாலு பேரும் போறோம். வைங்கடா கைய" என்றார். வைத்தோம். கன்னியப்பன் கை வேர்த்திருந்தது. உமிச் சூடு என்று நினைத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். எப்போதும் ஆபத்தைக் கொண்டுவருகிறவன் நான். அன்றைக்குக் கேப்டன் கொண்டுவந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஆகாசம், கப்பல்ல காத்து கொறைஞ்சு பூட்ச்சு. மூணு பேருக்குத்தான் பத்தும். ஒருத்தன் எறங்கியாவணும். யாரு எறங்குறது? நீயே நாயமா சொல்லு."

எனக்கு ஒரே குஷி. இவ்வளவு நல்ல சிக்கல் எனக்கே தோன்றவில்லையே என்று. கன்னியப்பன் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சையம்மா கட்டையை என் பக்கம் தள்ளினாள்.

"தாயம் போட்டுப் பாரு ஆகாசம். யாருக்கு விய்தோ அவங்க எறங்கட்டும்."

"இதுக்குத் தாயம் எதுக்குக்கா? நாயந்தான் தெரியுதே. கேப்டனுக்கு ரெண்டு பொண்ணு. பாய்லர்காரனுக்கு அம்மா. உனக்குப் புள்ளைங்க. மூட்டைக்காரனுக்கு யாரும் இல்ல. அவனே எறங்கிடுவான்."

"போட்டுப் பாருன்னு சொல்றேன் இல்ல" என்றாள்.

நான் போடவில்லை. மூட்டைக்காரன் இறங்குவதை நீளமாகச் சொன்னேன். யாரையும் திரும்பிப் பார்க்காமல், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, செம்மண் நிலாவில் இறங்கி நடந்து போகிறான். என் கதையில் எனக்கே கண் கலங்கியது. அதை நினைத்தால் இப்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "நல்ல மனசுப்பா உனக்கு. நாலு பேரும் பேசி, நீயே நின்னுக்கிறேன்னு சொன்னியாமே. ஏகாம்பரம் சொன்னான்."

நேராக மிஷின் அறைக்குப் போனேன். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா இது?"

ஏகாம்பரம் எண்ணெய்த் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தர நீங்களே சொல்லுங்கன்னு மொதலாளி பேஜார் பண்ணிட்டாருடா. நீதானே நாயம் சொன்னே? நா ஒண்ணும் சொல்லலையே."

"கை வெச்சமே?"

"கை வெச்சா? பொண்ணுங்களுக்குச் சோறு யாரு போடுவா?"

கன்னியப்பன் பாய்லருக்குள் உமியைத் தள்ளிக்கொண்டே இருந்தான். போதுமான அளவுக்கு மேல் தள்ளினான், முகத்தைத் திருப்பவில்லை. பச்சையம்மா களத்தில் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் பையோடு பக்கத்தில் போனதும் காலை நிறுத்தினாள்.

"நா தாயம் போடுன்னு சொன்னேன்" என்றாள்.

உண்மைதான், சொன்னாள். விஷயம் இதுதான் என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஏகாம்பரத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அவளுடைய அந்த ஒரு வாக்கியத்தின் மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. கட்டையை எடுத்துக்கொள்கிறாயா என்று நீட்டினாள். வாங்கவில்லை.

அந்த மில் இப்போது கல்யாண மண்டபம். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், களம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அவர்கள் மூன்று பேரும் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரோடு சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன், யாருக்கும் அந்தக் கப்பலைப் பற்றிச் சொன்னதில்லை. டீக்கடைப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒரு ஆட்டம் உக்காருங்க தாத்தா" என்றாள். பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ் வர நேரம் இருந்தது.

மில்லை விட்ட அன்று கால் போன போக்கில் மானாம்பதி வரைக்கும் நடந்தேன். அது பச்சையம்மாவின் ஊர் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. பஸ் நிழற்குடையில் படுத்து எழுந்தபோது, எதிரே ஒரு லாரி செங்கல் ஏற்றி முடித்து நின்றது. கிளீனர் ஓடிவிட்டான் என்று டிரைவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் வருகிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"வூட்ல யாரு யாரு கீறாங்க?"

"யாரும் இல்லண்ணா."

"அப்ப ஏறு" என்று கதவைத் திறந்துவிட்டார். "எனக்கு அந்த மாதிரி ஆளுதான் வோணும்."