வரிசையின் கடைசியில் பச்சையம்மாள்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட வந்த விஜயா. ஸ்டெல்லாவை நான் இதில் சேர்க்கவில்லை. செய்தியோடு வந்தவளே அவள்தான். நூறு நாள் வேலைக்குப் போட்டுப் போன முழுக்கைச் சட்டையில் ஏரி மண் ஒட்டியிருந்தது.

"பச்சையம்மா ஏரிக்கரையில குந்திக்கினு கீறாக்கா. கூப்புட்டா கொரல் குடுக்க மாட்றா" என்றாள்.

என் வீட்டுக்காரர் செருப்பைத் தேடினார். விஜயா முறத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் அப்போது ஏரிக்கரை மனதில் வரவில்லை. மலைதான் வந்தது. ஏன் என்பதை, இன்று அவள் காரியத்துக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பச்சையம்மாள், விஜயா, ஸ்டெல்லா, நான் என்று நான்கு பேரும் பல வருஷமாகப் பர்வதமலை ஏறுகிறவர்கள். சாலவாக்கத்தில் பஸ் பிடித்து, உத்திரமேரூர், வந்தவாசி, போளூர் என்று மாறிப் போய், வெளுக்கும் நேரத்தில் அடிவாரத்திலிருந்து நடக்கத் தொடங்குவோம். அடிவாரத்தில் பச்சையம்மன் கோயில். அதைக் கண்டதும் பச்சையம்மாள், "என் வூட்டுக்கு வந்துட்டோம், காலைக் கழுவிக்கினு உள்ள வாங்க" என்பாள். சர்ச்சுக்குப் போகிற ஸ்டெல்லா முதல் தடவை வாசலிலேயே தயங்கி நின்றாள். "உங்க சாமி கோச்சிக்கினா என் பேரைச் சொல்லுமே, நான் பேசிக்கிறேன். நீ வந்து நெழல்ல குந்து" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தவளும் பச்சையம்மாள்தான்.

ஆரம்பத்தில் நாங்கள் இஷ்டம்போல நடப்போம். ஒருமுறை பனிமூட்டத்தில் விஜயாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவள் பின்தங்கியது தெரியாமல் வெகுதூரம் போய்விட்டோம். பச்சையம்மாள் மட்டும் திரும்பி இறங்கிப் போய்ப் பார்த்தாள். பாதை ஓரத்தில், அடுத்த அடி வைத்தால் பள்ளம் என்கிற இடத்தில், விஜயா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாளாம்.

"ஏன்மே கத்தல?"

"பயந்துட்டேன்னு சிரிப்பீங்கன்னு..."

"சாமிகிட்ட போற வழியில வெக்கம் இன்னாத்துக்கு?"

அன்று அவள் போட்டதுதான் எங்கள் முறை. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போகும் நான் "அரோகரா" சொல்ல வேண்டும். நடுவில் வரும் இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் வருகிறவள் மட்டும் பதில் "அரோகரா" சொல்வாள். பதில் வந்தால் எல்லோரும் வரிசையில் இருக்கிறோம் என்று அர்த்தம். வராவிட்டால் யாரும் அடுத்த காலை எடுத்து வைக்கக் கூடாது. கடைசி இடத்தை அவளே எடுத்துக்கொண்டாள். "நடுவுல கீறவங்க பக்திய மனசுல வெச்சுக்குங்க. கொரல் என்னுது" என்பாள். நுனியில் சைக்கிள் டியூப் சுற்றிய ஒரு மூங்கில் தடி வைத்திருந்தாள். அது பாறையில் ஊன்றும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே வரும். பின்னால் வருகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றும் ஒரு முறை வைத்திருந்தாள். "திரும்பிப் பாத்தா எறங்கிடலாமான்னு தோணும்."

போன மாசியில் ஏறியதுதான் கடைசி. அன்று வீரபத்திரர் கோயில் அருகே ஒரு குரங்கு கூட இல்லை. எப்போதும் எங்களோடு உச்சிவரை வரும் நாய், மூங்கில் புதர் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. பிஸ்கட் காட்டியும் வரவில்லை. பனி அசையாமல் நின்றது. புதருக்குள் நான் குரல் கொடுத்தேன். பதில் இல்லை. நின்றோம். மறுபடி கொடுத்தேன். ஸ்டெல்லா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்து "அரோகரா" வந்தது. என்னுடைய குரலுக்கு வந்த பதில் போல அது இல்லை. வேறு யாரோ கூப்பிட்டு, அவருக்குச் சொன்னது போல இருந்தது.

அடுத்தது கடப்பாறை நெட்டு. பாறையில் அடித்து இறக்கிய கடப்பாறைகளில் கால் வைத்து, சங்கிலி பிடித்து ஏறுகிற இடம். மேலே போய் நான் கீழே பார்த்தேன். பச்சையம்மாள் திரும்பி நின்றிருந்தாள். பாறையோடு ஒட்டி ஒதுங்கி, தடியை உள்ளே இழுத்துக்கொண்டு, "நீங்க முன்ன போங்க சாமி" என்றாள். மூன்று பேரும் கேட்டோம். அவளுக்குப் பின்னால் பாதை காலியாக இருந்தது. எங்களைத் தாண்டி யாரும் போகவில்லை.

"யாருமே அது?" என்றேன்.

"மேல போறவரு. நான்தான் மெதுவா வரேனே" என்று சொல்லிவிட்டு ஏறி வந்தாள்.

உச்சியில் அவரவர் கையாலேயே அபிஷேகம் செய்தோம். வீட்டுக்காரர் இருமல், மாட்டுக்குச் சினை, மகளுக்கு வேலை என்று எப்போதும் சத்தமாக வேண்டிக்கொள்ளும் பச்சையம்மாள், அன்று கற்பூரம் அணையும்வரை பேசாமல் நின்றாள். கேட்டதற்கு, "ஒன்னும் தோணல" என்றாள்.

அடிவாரத்துக்கு இறங்கியதும், "அடுத்த தபா பின்னால வர வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றாள்.

"ஏன், உனக்கு இன்னா?" என்றாள் ஸ்டெல்லா.

"முட்டி நோவு."

முட்டி நோவு என்றே நாங்களும் வைத்துக்கொண்டோம்.

பங்குனியில் ஏரி வேலை முடிந்து பெண்கள் கரைமேல் வரிசையாகத் திரும்பியிருக்கிறார்கள். பழக்கத்தில் பச்சையம்மாள் கடைசியில் வந்திருக்கிறாள். நேரான கரை, நல்ல வெயில், பள்ளமில்லை, பனியில்லை. அதனால் முன்னால் போனவர்களில் யாரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஸ்டெல்லா திரும்பிப் பார்த்திருக்கிறாள். நான் போனபோது பச்சையம்மாள் பனைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஊர்ப்பக்கம் இல்லை. வந்த வழியைப் பார்த்தபடி இருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். அதை நான் மறுக்கவில்லை.

சித்திரை வருகிறது. விஜயா, "பின்னால வர்ற எடம் ஆள் கேக்குதுக்கா, நான் வர மாட்டேன்" என்கிறாள். ஸ்டெல்லா ஜெபம் பண்ணிக்கொண்டு வருவாளாம், நடுவில்தான் வருவாளாம். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபமில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சாமி விளக்கு முன் உட்கார்ந்தாலும் அந்தத் தடிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது.

பச்சையம்மாள் வீட்டுக்காரர் வந்து தடியை என்னிடம் கொடுத்தார். "மூலையில கெடந்தா அவளுக்குப் புடிக்காதும்மா" என்றார். பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். தேய்ந்த டியூபை அவிழ்த்துவிட்டுப் புதியது சுற்றிவிட்டேன். அவளுடையது என்று நான் வைத்துக்கொள்வது இந்தத் தடியும், அவள் நடந்த இடமும்தான். எங்கள் மூன்று பேரையும் இத்தனை வருஷம் வீடு சேர்த்த இடத்தைக் காலியாக விட்டு என்னால் மலை ஏற முடியாது. இனி கடைசியில் நான் வருகிறேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பின்னால் யார் வந்தாலும் வழி விட மாட்டேன்.

ஆனால் முன்னால் நின்று கூப்பிட ஒருத்தி வேண்டும். கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஏரிக்கரையில் பார்த்துவிட்டோம். விஜயா, ஸ்டெல்லா, உங்களில் முன்னால் போவது யார்? வருகிற வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றும் முன்பாக வந்து சொல்லிவிடுங்கள்.