புகாரே இல்லாத காபி மெஷின்

என் அக்காவின் கணவருக்குக் குடும்பத்தில் நாங்கள் வைத்த பெயர் 'வருந்துகிறோம்'. முதுகுக்குப் பின்னால்தான் இந்தப் பெயர், முகத்துக்கு நேரே 'அத்தான்'. துணி துவைக்கும் மெஷினும் குளிர்சாதனப் பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் விற்கும் ஒரு கம்பெனியின் புகார் பிரிவில் அவருக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து மாலைவரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களின் வசவையெல்லாம் வாங்குவார். வாங்கி முடித்ததும், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்பார். அதற்கும் அடங்காதவர்களுக்கு மூன்று காரணங்கள் கைவசம் உண்டு. வோல்டேஜ் சரியில்லை, தண்ணீரில் உப்பு அதிகம், இரண்டும் இல்லையென்றால் நீங்கள் பயன்படுத்தும் முறை தவறு.

நல்ல மனிதர்தான். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். குரலை உயர்த்த மாட்டார், சம்பளத்தை அப்படியே அக்காவின் கையில் கொடுத்துவிடுவார். ஒரே ஒரு குறை, வீட்டுக்கு வந்தாலும் ஆபீஸ் அவரை விட்டுப் போவதில்லை. புதுப் பெண்ணாகப் போன அக்கா, "குளியலறைத் தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது" என்று சொல்லியிருக்கிறாள். "அடடா, வருந்துறேன். மனசுல குறிச்சுக்கிட்டேன்" என்றாராம். அந்தக் கதவை இன்றைக்கும் உள்ளேயிருந்து கயிறு போட்டுத்தான் கட்டுகிறார்கள். இப்படி நாலைந்து குறைகள் கிணற்றில் போட்ட கல்லான பிறகு அக்கா அவரிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். "என் சம்சாரத்துக்கிட்டேருந்து ஒரு புகார் வந்ததில்ல, தெரியுமா?" என்று வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

வந்ததெல்லாம் எனக்குத்தான் வந்தது. நான் வீட்டிலேயே உட்கார்ந்து துணி பிடிப்பதும் நீளம் குறைப்பதுமாகத் தையல் வேலை செய்கிறவள். அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக அவள் சீக்கிரமே போயாக வேண்டும். பஸ்ஸுக்கு நடக்கிற நேரத்தில் எனக்குப் போன் போடுவாள். நான் போனைத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பெடலை மிதிப்பேன். அத்தான் கம்பெனிக்கு ஒரு புகார் பிரிவு, அத்தான் வீட்டுக்கு ஒரு புகார் பிரிவு. எனக்கு மட்டும் சம்பளம் கிடையாது.

அப்படி இருந்த அக்கா ஒருநாள் வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். அவளுடைய லேப் டாக்டர் வீட்டில் எஸ்பிரெசோ மெஷினில் போட்ட காபியைக் குடித்துவிட்டு வந்து சொன்னாள்: "நம்ம வீட்டுலயும் இந்த மாதிரி ஒண்ணு இருந்தா, காலையில நீங்களும் நானும் பத்து நிமிஷம் உக்காந்து குடிச்சுட்டுக் கிளம்பலாம்." இதில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். நீங்களும் நானும் இருக்கிறது, பத்து நிமிஷம் இருக்கிறது, உட்கார்வது இருக்கிறது. அத்தான் காதில் விழுந்தது மெஷின் மட்டும்.

அன்றைக்கு ஆரம்பித்தது ஆராய்ச்சி. சாதாரண மனிதர்கள் கடைக்குப் போய், பார்த்து, பிடித்ததை வாங்கிக்கொண்டு வருவார்கள். அத்தான் போனை எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்தார். அதிலும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை அவர் மனிதராகவே மதிக்கவில்லை. ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டியவர்களை மட்டும் கண்ணும் கருத்துமாகப் படித்தார். ஒரு மெஷின் லாரி மாதிரி சத்தம் போடுகிறது என்று எவரோ எழுதியிருந்தார், அது போயிற்று. ஒன்றில் பால் நுரைக்கும் குழாய் அடைத்துக்கொள்கிறதாம், அதுவும் போயிற்று. இன்னொன்றை அட்டைப்பெட்டி நசுங்கி வந்ததற்காகவே தள்ளிவிட்டார். பெட்டி நசுங்கினால் மெஷின் என்ன செய்யும் என்று கேட்டேன். "அலட்சியம் அங்கதான் ஆரம்பிக்குது" என்றார். ஊரெல்லாம் பயிர் விளைந்து அறுவடையே முடிந்திருக்கும், இவர் படித்து முடிக்கவில்லை.

கடைசியில் ஒருநாள் முகமெல்லாம் பல்லாக என் வீட்டுக்கு வந்தார்.

"கிடைச்சுருச்சு. இந்த மெஷினைப் பத்தி ஒரே ஒரு புகார்கூட இல்ல!"

போனை வாங்கிப் பார்த்தேன். புகார் இல்லைதான். பாராட்டும் இல்லை. நட்சத்திரம் போட வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

"அத்தான், இதை யாராவது வாங்கியிருக்காங்களா?"

"வாங்கினவங்க சந்தோஷமா இருக்காங்க, அதான் எழுதல. எங்க ஆபீசுல பார்க்கிறேனே, சந்தோஷமா இருக்கிறவன் எவனும் போன் பண்றதில்ல. ஏன், உங்க அக்காவையே எடுத்துக்க."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பாவாடைக்குத் தப்பான இடத்தில் கத்தரி போட்டுவிட்டேன். அந்தப் பாவாடைக்காரி கொடுத்த வசவுக்கும் அத்தான்தான் பொறுப்பு.

மெஷின் வந்தது. சமையல் மேடையில் பாதியை அது பிடித்துக்கொள்ள, பாத்திரக் கூடை ஜன்னல் விளிம்புக்குக் குடிபோயிற்று. அதைப் பயன்படுத்துவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. மெஷின் சூடாவதற்கே இருபது நிமிடம். காபிக் கொட்டையைப் புதிதாக அரைக்க வேண்டும், குட்டித் தராசில் நிறுக்க வேண்டும், கைப்பிடி வைத்த வடிகட்டியில் போட்டுச் சமமாக அழுத்த வேண்டும், மெஷினில் திருகி மாட்ட வேண்டும். பொடி கரகரப்பாக இருந்தால் தண்ணீர் தடதடவென்று இறங்கிப் புளிக்கும். மாவாக அரைத்துவிட்டால் சொட்டு சொட்டாக வந்து கசக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நல்ல காபி இருக்கிறது. அத்தான் அந்த இடத்துக்கு ஒருநாளும் போகவில்லை.

முதல் கோப்பையைப் பற்றி அக்கா போனில் சொன்னாள். "எங்க லேப்ல குட்டி டப்பால கொண்டுவந்து கொடுப்பாங்களே, அதே கலர்." நான் பெடலை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் சிரிப்புக் குறைந்துகொண்டே வந்தது. அவர் மெஷினுக்கு முன்னால் முதுகு வளைந்து நிற்க, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க, காபி வருவதற்குள் பஸ் வந்துவிடும். வெறும் வயிற்றில் வருகிறவர்களுக்கு வெறும் வயிற்றோடு போய் ஊசி குத்தினாள். "குத்துறவளும் குத்து வாங்குறவனும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்டி" என்றாள். முன்பாவது பாத்திரத்தில் கொதிக்கவைத்த காபியை நின்றுகொண்டாவது குடித்தாள். இப்போது பழைய பாத்திரம் எங்கே என்றே தெரியவில்லையாம்.

அத்தான் முதலில் வோல்டேஜைக் குறை சொன்னார். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்றார். பிறகு தண்ணீரைக் குறை சொல்லி, கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றினார். அப்போதும் கசந்தது. மிச்சம் இருந்தது மூன்றாவது காரணம். ஒருநாள் காலையில், அவசரமாக ஒரு வாய் குடித்து முகம் சுளித்த அக்காவைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, ஆபீஸ் குரலில் சொன்னார்: "நீ குடிக்கிற முறை தப்பு."

அன்று மாலை அக்கா ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "கொஞ்ச நாள் இங்க இருக்கேன்" என்றாள். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "தெரியல. திரும்பிப் போகணுமான்னே தெரியல" என்றாள். அவள் விளையாட்டுக்கு அப்படிப் பேசுகிறவள் இல்லை.

மறுநாள் அத்தான் எனக்குப் போன் செய்தார்.

"உங்க அக்காவுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"அவகிட்டயே கேளுங்க அத்தான்."

"கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னு சொன்னா."

"நீங்க நம்பிட்டீங்களா?"

"பின்ன? அவ சொன்னாளே."

புகார் முடிந்தது. நானும் எத்தனையோ பேரிடம் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன், கையிலிருந்த போனாலேயே அடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அத்தான். மெஷினைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார். வலது கையில் சமையலறைத் துணியைச் சுற்றியிருந்தார். பழுது பார்க்கும் இடத்துக்குப் போனாராம், ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்ததாம், பக்கம் என்பதால் வந்தாராம். பக்கமாவது ஒன்றாவது.

அக்கா மெஷினைப் பார்க்கவில்லை. "கையைக் காட்டுங்க" என்றாள். துணியை அவிழ்த்தால் தோல் சிவந்து போயிருந்தது. ரப்பர் வளையம் பிய்ந்து, கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு அடித்திருக்கிறது. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயின் கீழ் வைத்தாள். தண்ணீர் ஓட ஓட அத்தான் கொட்டித் தீர்த்தார்.

"மெஷின் கம்பெனிக்குப் போன் பண்ணேன். ஒரு பொண்ணு எடுத்தா. என்ன சொன்னா தெரியுமா?"

"வோல்டேஜ்" என்றாள் அக்கா.

"ஆமா! அப்புறம்..."

"தண்ணில உப்பு."

"நீங்க பயன்படுத்துற முறை தப்பு" என்றேன் நான்.

அத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆத்திரம் தாங்காமல், "கை வெந்துருச்சுங்கிறேன், பதிவு பண்ணிட்டேங்கிறா! ஒரு மனுஷன் வலிக்குதுன்னு சொன்னா காது கொடுத்துக் கேக்க மாட்டாங்களா?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா குழாயை மூடினாள்.

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது."

அதே குரல், அதே ஏற்ற இறக்கம். அத்தான் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஏன் இப்படிப் பேசுற? நீ... உனக்கு ஏதாவது குறை இருந்தா சொல்லியிருக்கலாமே. நீ ஒண்ணுமே சொன்னதில்லையே?"

"குளியலறைத் தாழ்ப்பாள்" என்றாள் அக்கா.

அத்தான் வாய் தன்னால் திறந்து, "வருந்..." என்றது. பாதியில் மூடிக்கொண்டார். நீளம் குறைக்க வைத்திருந்த பேன்ட்டுகளின் மேலேயே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சொல்லு."

"முதல்லேருந்தா?"

"முதல்லேருந்து."

நான் பாத்திரத்தில் காபி வைக்கப் போனேன். அக்கா சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். நடுவில் ஒன்றை விட்டுவிட்டாள் என்று அடுப்படியிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன்: "உன் பிறந்தநாளுக்கு அவரோட கம்பெனி இஸ்திரிப் பெட்டி வந்ததே, அது?" அதையும் சேர்த்துக்கொண்டாள். அத்தான் வோல்டேஜைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு அக்காவின் குரல் இறங்கியது. "எனக்கு ஆபரேஷன் ஆச்சே, அன்னிக்கு 'எல்லாம் சரியா இருக்கா'ன்னு கேட்டீங்க. சரின்னேன். உடனே ஆபீசுக்குப் போயிட்டீங்க. நான் ரொம்பப் பயந்துபோயிருந்தேங்க. நீங்க பக்கத்துல உக்காந்திருக்கணும்."

நான் கையில் கோப்பைகளோடு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் தினமும் போன் செய்தவள், இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை. புகார் பிரிவு என்று நான் அடித்துக்கொண்ட பெருமையெல்லாம் அந்த நிமிஷமே போயிற்று.

அத்தான் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியலம்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற?" என்றார். மூன்று கோப்பைக் காபியும் ஆறிப் போகும்வரை அவள் சொன்னாள், அவர் கேட்டார். ஆறின காபியை இரண்டு பேரும் ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார்கள். சாயங்காலம் அக்கா பையை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள். போகிற வழியில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினார்களாம்.

மெஷின் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதன் தலையில் கோப்பை வைக்கிற தட்டு நூல்கண்டு அடுக்க வசதியாக இருக்கிறது. அத்தான் அதற்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, நாலு பத்தி எழுதியிருக்கிறார். உலகத்திலேயே அந்த மெஷினைப் பற்றி இருக்கிற ஒரே புகார் அது.

அக்காவிடமிருந்து காலை போன் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் இருவரும் உட்கார்ந்து காபி குடிக்கிறார்களாம். சந்தோஷமாகத்தான் இருந்தது. வீடு மட்டும் ஒரேயடியாக அமைதியாகிவிட்டது, பெடல் சத்தம் எனக்கே எரிச்சலாக இருந்தது.

போன வாரம் அதே நேரத்துக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். அத்தான்.

"உங்க அக்கா இப்பல்லாம் வாயை மூடுறதே இல்ல. எதை எடுத்தாலும் குறை. நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா..."

அடுப்பில் என் காபி பொங்கிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம் இருங்க அத்தான்" என்று போனை மெஷின் தலையில் நூல்கண்டுகளுக்கு நடுவே வைத்தேன். காபியை இறக்கினேன், ஆற்றினேன், ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து போனை எடுத்தேன்.

அத்தான் இன்னும் லைனில்தான் இருந்தார்.