மடையானின் துணைக்கால்

பறவை வரைகிற தொழிலில் பறவைகளால் ஒரு தொந்தரவும் இல்லை. பார்க்க வருகிற மனிதர்கள்தான் நம்மை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைப்பார்கள். தூரிகை பிடித்துப் பிழைக்க நினைக்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு இது புரியும்.

நான் வில்லியனூர்ப் பக்கத்துக்காரி. திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன். முதல் பெரிய வேலை, பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் வெளிச்சுவர் முழுக்க ஏரிப் பறவைகள். செலவு ரைஸ்மில் கோதண்டம் ஐயாவுடையது. ஆள் குள்ளம், தொப்பை பெரிசு, மனசும் பெரிசு. சுவர் அவருக்குப் பிடித்துவிட்டால் அவர் கட்டும் கல்யாண மண்டபத்துச் சுவரும் எனக்கே. பிடிக்காவிட்டால் பழையபடி கம்பெனி பஸ்தான் என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

மடை ஓரத்தில்

நான் கற்பனையில் வரைகிற ஆள் இல்லை. பறவையை நேரில் பார்த்து, அது அசைவதற்குள் பென்சிலால் நாலு கோடு கிறுக்கி, நிறத்தைத் தாளின் ஓரத்தில் தொட்டு வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். அன்று மடை ஓரம் சேற்று நிறத்தில் ஒரு மடையான், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதைப் போய் யார் சுவரில் பார்ப்பார்கள் என்று நான் எழுந்தேன். அதுவும் எழுந்தது. இறக்கையை விரித்ததும் மொத்தமும் வெள்ளை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் டப்பா என் மேலேயே கவிழ்ந்தது. இவ்வளவு வெள்ளையையும் எங்கே ஒளித்து வைத்திருந்தது? சுவரின் நடுவில் இதுதான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

சந்தோஷத்தில் திரும்பினால், களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அருவாளோடு பின்னால் நிற்கிறார். என் தாளையும் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "உண்மைய சொல்லும்மா, பைபாஸ் ரோடு எங்க வூட்டு மேலதான போவுது?"

கலர் பொருத்தம்

மடையானின் முதுகு நிறம் லேசில் அகப்படாது. பழுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. தாளில் தொட்டு வைத்ததை எடுத்துக்கொண்டு வில்லியனூரில் பெயின்ட் கடை பாயிடம் போனேன். பாய் பொறுமைசாலி. மிஷினில் கலக்கிக் கலக்கிக் காட்டினார். நான் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் அவர் கை கழுவுகிற வாளியைக் காட்டி "இதுதான் பாய்!" என்று கத்திவிட்டேன்.

பாய் ஆடிப்போய்விட்டார். வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதே நிறத்தைக் கலந்து டப்பாவை மூடும்போது, பெற்ற மகளிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கலர வூட்டுக்கு மட்டும் அடிச்சிடாதம்மா, பொண்ணு குடுக்க மாட்டாங்க."

எல்லாம் ஒன்றுதான்

சுவரில் நீர்க்காகம் வந்தது, பாம்புத்தாரா வந்தது, ஓரத்தில் கூழைக்கடா வந்தது. நடுவில் மடையான், உட்கார்ந்தபடி ஒன்று, அதற்கு மேலே வெள்ளையாகப் பறந்தபடி ஒன்று. பஸ்ஸுக்கு நிற்கும் பெரியவர் ஒருவர் தினமும் வந்து எல்லாவற்றையும் "கொக்கு" என்றார். கறுப்பாக இருக்கும் நீர்க்காகத்தையும் கொக்கு என்றபோது என்னால் தாங்க முடியவில்லை. இறங்கி வந்து ஒவ்வொன்றுக்கும் வித்தியாசம் சொன்னேன். மூக்கு, கழுத்து, கால் எல்லாம் காட்டினேன்.

பெரியவர் முழுவதும் கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். எல்லாப் பறவைக்கும் கீழே பெயர் எழுதுவது என்று நான் முடிவு செய்ததற்கும் அந்த வார்த்தைதான் காரணம். "இன்னா பேரு வெச்சாலும் கொழம்புல ஒரே ருசிதாம்மா."

துணைக்கால்

திறப்பு விழாவுக்கு முதல் நாள், உபயதாரர் பெயரை எழுதச் சொன்னார் பள்ளிக்கூட டீச்சர். மரியாதையான இடம் நடுதானே? பெரிய எழுத்தில், சிவப்பில் எழுதிவிட்டுப் போனேன். காலையில் வந்தால் சுவருக்கு முன்னால் கூட்டம். ஆளாளுக்கு செல்போனில் படம் பிடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். நானும் போய்ப் படித்தேன்.

மடையான்
உபயம்: ரைஸ்மில் கோதண்டம்

டீச்சரிடம் ஓடினேன். "டீச்சர், அது மடையன் இல்ல, மடையான். துணைக்கால் போட்டிருக்கேன் பாருங்க" என்றேன். வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "துணைக்கால யாரும்மா படிக்கிறாங்க?"

இரண்டில் ஒன்று

ஐயா மனைவியோடு வந்து இறங்கினார். படித்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். டீச்சர் பதறிப்போய், "சுவருக்கே வெள்ளை அடிச்சிடலாங்கய்யா" என்றார். என் கண் முன்னால் கம்பெனி பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது.

"ஐயா, பேர அங்க மாத்தி எழுதிடறேன்" என்று சுவரில் மிச்சமிருந்த ஒரே காலி இடத்தைக் காட்டினேன். ஐயா அங்கே நடந்து போய், அதற்கு மேலே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்: கூழைக்கடா. தன் தொப்பையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். கூழை என்றால் குட்டை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்தேன் என்று நின்றேன்.

திரும்பி வந்து மேலே பறப்பதையே ரொம்ப நேரம் பார்த்தார். நெல்லுக்காக வயலையே சுற்றிவந்த மனிதருக்கு, அது என்ன பறவை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "அங்க வேணாம்மா. இங்கயே இருக்கட்டும். மடையான்னாலும் இது பறந்தா வெள்ளையாவுது."

மண்டபச் சுவருக்கும் என்னையே கூப்பிட்டுவிட்டார். இந்த முறை ஏரிக்குப் போவதற்கு முன்னால் அவர் குடும்பத்தில் யார் குள்ளம், யார் நெட்டை, யாருக்குக் கோபம் வரும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.