கடுகளவு மணியும் மதுரைத் தண்ணியும்

சாப்ட்னர் சர்வீஸ் என்பது, கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புக்காகக் கண்ணெதிரே நிற்கிறவர்களிடம் திட்டு வாங்குகிற வேலை. மிக்சியோ ஏசியோ, எதையாவது பழுதுபார்க்க அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டாம்.

சாப்ட்னர், சுண்ணாம்புத் தண்ணீரை மென்னீராக்கும் தொட்டி. அதற்குள் இருப்பது ரெசின். கடுகு மாதிரி பிளாஸ்டிக் மணிகள். போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் உப்புக் கரைசலில் அலசினால், பிடித்ததை விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு நிற்கும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் படித்ததை, பதினோரு வருடமாக மதுரைத் தெருக்களில் பார்த்தும் எனக்கு வியப்பு தீரவில்லை.

செல்லூர்ச் சிவப்பு

செல்லூர்ச் சாயப்பட்டறையில் முத்துக்காளை அண்ணன்தான் சாய மாஸ்டர். சிவப்புச் சாயம் நூலில் திட்டுத்திட்டாக ஏறுகிறது, ரெசின் செத்துப்போச்சு என்று போன் செய்தார். போய்ச் சோதித்தேன். தண்ணீர் நன்றாக இருப்பதாக என் சோதனை மருந்து சொன்னது. அவர் வாதாடவில்லை. அந்தத் தண்ணீரில் சோப்பைக் குழைத்து உள்ளங்கையை நீட்டினார். சுண்ணாம்புத் தண்ணீரில் ஆவதுபோல, நுரை நிற்காமல் திரிந்துபோயிருந்தது.

சந்தேகப்பட்டு வண்டியிலிருந்து புது மருந்து எடுத்து வந்தேன். அண்ணன் சொன்னதுதான் சரி. என் பழைய பாட்டில் கெட்டுப்போய் நாலு மாதம். நான் அசடு வழிய, அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உன் பாட்டில்ல தேதி போட்டிருக்கும்மா. என் கையில போடலையே."

பழுப்பு விரிப்பு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு லாட்ஜ். வெள்ளை விரிப்புகளெல்லாம் பழுப்பேறிவிட்டன. துவைக்கிற பாண்டியம்மாதான் எதையோ கண்டபடி போடுகிறார், மாதக் கடைசியில் நிறுத்திவிடப்போகிறேன் என்றார் ஓனர்.

தொட்டியைத் திறந்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய மணிகள் துருவேறிக் கிடந்தன. பிடித்த இரும்பை உப்புக்கும் விடவில்லை. "தப்பு தண்ணியிலதான் சார். போர்த் தண்ணியை உயரத்துலேர்ந்து விழவிட்டு, காத்துப் பட்டு வர்ற துரு அடியில தங்க ஒருநாள் தெளிய வச்சு, தொட்டிக்கு அனுப்பணும்" என்றேன்.

பாண்டியம்மா எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு டிரம்முக்கு மேலே குழாயை ஆளுயரத்தில் கட்டியிருந்தார். டிரம்மின் அடியில் செம்மண் மாதிரி துரு. பக்கத்துக் கொடியில் அந்தத் தண்ணீரில் துவைத்த நாலு விரிப்புகள், பளிச்சென்று. ஓனர், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். "நீங்க விரிப்பத்தான் பாத்தீக. என்னய ஒரு வார்த்தை கேக்கலையே."

நீலம் வரும்வரை

டயாலிசிஸில் ரத்தம் மயிரிழை போன்ற பிளாஸ்டிக் குழாய்களுக்குள் ஓடும். அந்த இழை கழிவை வெளியே விடும். புரதத்தை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும். இழைக்கு வெளியே ஓடும் நீரில் சுண்ணாம்பு மிஞ்சினால் வாந்தி, ரத்தக் கொதிப்பு, அதற்கு மேலும் ஆகலாம். அந்த நீரின் முதல் காவல் எங்கள் சாப்ட்னர்.

ஒரு சென்டரில் செல்வி என்ற டெக்னீசியன் தினமும் காலையில் ஒரு சொட்டுச் சாயம் விட்டுச் சோதிப்பார். நீலமானால் நல்ல நீர். அன்று ரோஸ் நிறம் வந்தது. மிஷின்களை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் போனபோது, அழகர்கோவில் பக்கமிருந்து கால் வீங்கி வந்திருந்த செல்லையா என்ற விவசாயி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "நேத்து ஏத்துன தண்ணி இன்னைக்கு ஆகாதா? எனக்கு மூச்சு முட்டுது." செல்வி, "அவசரம்னா பெரியாஸ்பத்திரிக்கு வண்டி சொல்றேங்கய்யா. இந்தத் தண்ணிய மட்டும் ஏத்த மாட்டேன்" என்று அவருக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார்.

உப்புக் கரைசலை உறிஞ்சும் குழாயில் சேறு அடைத்திருந்தது. எடுத்துவிட்டு மணிகளை அலசி முடிக்க ஒன்றரை மணி நேரம். செல்வி மறுபடி சொட்டு விட்டார். நீலம். செல்லையா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி போட வேறொருவர் வந்ததும் கையை இழுத்துக்கொண்டு, செல்வியிடம் நீட்டினார்: "திட்டுனத மனசுல வச்சுக்காத தாயி. நீயே குத்து."

இத்தனைக்குப் பிறகும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'கோளாறைக் கண்டுபிடித்தவர்' என்ற கட்டத்தில் கூச்சமில்லாமல் என் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.