சுண்டானின் தாய் திரும்பி வந்த படம்

மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றரின் புகைக்கு ஒரு கசப்பு உண்டு; அது மூக்கோடு நிற்காமல் நாக்கின் அடியில் போய்ப் படிந்துவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போகாது. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, உடையார்கட்டில் பரமண்ணை வீட்டு நடு அறையில், யன்னல்களுக்கெல்லாம் நெல்லுச் சாக்குக் கட்டி இருட்டாக்கிய ஒரு பின்னேரம், அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டுதான் என் வாழ்க்கையின் முதல் கார்ட்டூன் படத்தைப் பார்த்தேன். பாதிப் படத்தை என்று சொல்ல வேண்டும். மீதிப் பாதியால்தான் இப்போது இரண்டு கிழமையாக எனக்கு யாரோடும் முகம் கொடுத்துப் பேச முடியாத கோபம்.

அந்தப் பழைய படத்தை இப்போது புதிதாக எடுக்கிறார்கள். கையால் வரைந்த எலிகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு மயிரும் காற்றில் ஆடுகிற உண்மையான எலிகளைப் போலக் கணினியில் செய்து, உண்மையான வயலில் உண்மையான மனிதர்களோடு நடமாடவிட்டு, தமிழிலும் பேசவைத்து வெளியிடப் போகிறார்களாம். பரந்தனில் எங்கள் வீட்டில் இதைவிட்டால் வேறு கதை இல்லை. பதினொரு வயதான என் மகளும், அவளோடு கிளிநொச்சிக்கு ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளும், ஒரு சின்ன முன்னோட்டத்தை மனப்பாடமாகும் வரை பார்த்துவிட்டு, எலியின் காது பழைய படத்தில் இருந்ததைவிடச் சிறிது என்று ஒரு நாளும் வாலின் நிறம் பிழை என்று மறுநாளும் வழக்குப் பேசுகிறார்கள். வவுனியாவில் படம் போட்டால் முதல் நாளே கூட்டிக்கொண்டு போவேன் என்று என் கணவரிடம் சத்தியமும் வாங்கியாகிவிட்டது. இதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. பிள்ளைகள் எலியின் வாலுக்காகச் சண்டை பிடிக்கக்கூடிய காலம் வந்ததே என்று சந்தோசப்படுகிறவள்தான் நான்.

எங்களுக்கு வாலைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. பரமண்ணை எங்களுக்கு அடுத்த வளவுக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது, அரிசிச் சாக்கை விட்டுவிட்டு ரீவியையும் வீடியோ டெக்கையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த மனுசன் என்று அவருடைய மனைவி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கூட வந்த கசெற்றுகளில் ஒன்றே ஒன்றுதான் சிறுவர் படம். வன்னிக்குள் அப்போது மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தடை. படம் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு வீடும் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் கொஞ்சம் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். இரவில் விளக்கில்லாமல் இருந்து மிச்சம்பிடித்த எண்ணெயை நானும் அக்காவும் போத்தலில் எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, வயலில் எலிக்கு நஞ்சு வைத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மண்ணெண்ணெயைக் குடுத்து எலி பாக்கப் போகுதுகள். எங்கட வயலுக்கு வாங்கோவன், நான் சும்மா காட்டுறன்" என்றார்.

படம் இங்கிலிஷில் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்காது. என் அக்கா வதனிக்கு அப்போது பதினைந்து வயது. பாடப்புத்தக இங்கிலிஷை நம்பி, ரீவிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, "இப்ப தாய் என்ன சொல்லுது எண்டால்" என்று தொடங்கி ஒவ்வொரு பேச்சுக்கும் தமிழ் சொன்னாள். கால்வாசி அவளுக்கு விளங்கியது, முக்கால்வாசி அவளாகப் போட்டது. குட்டி எலியின் பெயர் வாய்க்குள் நுழையாததால் அதைச் "சுண்டான்" ஆக்கினாள். வரம்புக்குக் கீழே தாயும் குட்டியும் வசிக்கிற ஓட்டை திரையில் வந்தபோது, எலி வளை என்று சொல்ல அவளுக்குத் தோன்றவேயில்லை. "இதுதான் அவையின்ர பங்கர்" என்றாள். எங்களுக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. வளவுக்கு ஒன்று வெட்டி, மேலே தென்னங்குற்றி அடுக்கி மண்ணால் மூடி, விமானம் வந்தால் போய்ப் பதுங்குவோமே அந்தக் குழி. நிலத்துக்கு அடியில் இருக்கிற இடத்துக்கு எங்களுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். ஆகவே அந்த எலிகள் எங்கள் ஆட்கள் என்பது படம் தொடங்கின கையோடு தீர்மானமாகிவிட்டது.

படத்தின் நடுவில் வானத்தில் ஒரு பருந்து வட்டமிட்டது. முன்னால் இருந்த ஒரு சின்னவன் "கிபிர்" என்று கத்தினான். குண்டு போடுகிற விமானத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஒருவரும் சிரிக்கவில்லை. தாய் எலி சுண்டானை ஓட்டைக்குள் தள்ளிவிட்டு வெளியே நின்றது. "நான் வாறன், நீ இதை விட்டு அசையாதை எண்டு சொல்லுது" என்றாள் அக்கா. தாய் வயலுக்குக் குறுக்கே ஓடத் தொடங்க, பருந்து கீழே இறங்கியது. அந்த நேரம் பார்த்து உண்மையானதும் வந்துவிட்டது. "நூருங்கோ, நூருங்கோ" என்று வெளியே பெரியவர்கள் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிச் சத்தம் போட, பரமண்ணை ஜெனரேற்றரை நிறுத்த, படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைய, நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தடித்துக்கொண்டு பின்வளவுப் பங்கருக்குள் ஓடினோம். எங்களைத் தேடி ஓடிவந்த அம்மாவும் அதற்குள் வந்து புகுந்துகொண்டார்.

குண்டு எங்கேயோ தள்ளி விழுந்தது. மேலேயிருந்து மண் உதிர்ந்து தலையில் கொட்டியது. பிள்ளைகள் எல்லோரும் அழுதார்கள், ஆனால் அழுதது எலிக்காக. "தாய் வந்ததோ வதனியக்கா? அதுக்கு என்ன நடந்தது?" என்று இருட்டுக்குள் நாலு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். அக்காவும் அந்தப் படத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். இருந்தும் அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வந்தது," என்றாள். "பங்கருக்கு ரெண்டு வாசல் எல்லோ. பருந்து இந்த வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டது. தாய் சுத்திப் போய் மற்ற வாசலால உள்ள வந்திட்டுது. வந்து, ஏனடா அழுதனி, நான் வாறன் எண்டு சொன்னனான்தானே எண்டு கேட்டது."

நாங்கள் இருந்த பங்கருக்கும் இரண்டு வாசல். எல்லோரும் மற்ற வாசலைத் திரும்பிப் பார்த்தோம். அழுகை அடங்கியது.

திரும்பி வந்து பார்த்தால் கசெற் டெக்குக்குள் சிக்கி நாடா அறுந்து கிடந்தது. அதற்குப் பிறகு அந்தப் படம் ஓடவேயில்லை. ஆகவே அன்று அந்தக் குழிக்குள் இருந்த எங்கள் எல்லோருக்கும் அந்தப் படத்தின் முடிவு அக்கா சொன்னதுதான். கனடாவில் இருக்கிற என் பள்ளித் தோழி ஒருத்தி, தாய் திரும்பி வரும் என்று தன் மகனோடு அண்மையில் வாதாடி, அவன் படத்தைப் போட்டுக் காட்டிய பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்து, "வதனியக்கா எங்களைப் பேக்காட்டி ஏமாத்திப் போட்டா" என்றாள். சிரித்துக்கொண்டு தொடங்கியவள் பாதியில் அழுதுவிட்டாள். அப்போதுதான் எனக்கும் தெரியும். உண்மையான படத்தில் தாய் வருவதில்லை. அறுவடை முடிகிறது, சுண்டான் வேறு எலிகளோடு சேர்ந்து ஆற்றைத் தாண்டிப் போகிறது, ஒரு பாட்டு வருகிறது, அவ்வளவுதான்.

இதோடு போயிருந்தால் நான் மனதை ஆற்றியிருப்பேன். ஆனால் புதிய படத்தில் தாய் உயிரோடு திரும்பி வரப் போகிறது என்று எங்கேயோ ஒரு வதந்தி கிளம்பியது. உடனே உலகம் முழுவதும் இருக்கிற ரசிகர்கள் பொங்கி எழுந்தார்கள். தாய் சாகத்தான் வேண்டுமாம். அந்தச் சாவில்தான் படத்தின் அழகே இருக்கிறதாம். தாய் வந்தால் தங்களுடைய இளமைக்காலத்தையே கொன்றது போலாகுமாம். என் தொலைபேசியில் பார்த்த, தமிழில் படம் விமர்சிக்கிற ஒரு பெடியன், குளிரூட்டிய அறையில் பஞ்சு மெத்தைக் கதிரையில் சாய்ந்துகொண்டு, "அம்மா சாகலைன்னா அது அந்தப் படமே இல்ல" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். எனக்கு அந்தத் தொலைபேசியைக் கிணற்றுக்குள் போட வேண்டும் போல் இருந்தது. இன்னொருத்தியின் சாவு இல்லாமல் உங்களுக்கு ஒரு படம் இனிக்காதா? கொஞ்சம் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, சோளப்பொரியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதற்கு ஒரு தாய் செத்துத்தர வேண்டுமா? கடைசியில் படக்காரர்களும் பயந்துபோய், பழைய முடிவை மாற்ற மாட்டோம், தாய் வராது என்று அறிவித்துவிட்டார்கள். என் மகள் கைதட்டினாள். "அதுதான் அம்மா நல்லாயிருக்கும்" என்றாள். "எழும்பிப் போ" என்று கத்தினேன். அவள் ஒன்றும் விளங்காமல் போய்விட்டாள்.

அவளுக்கு எப்படி விளங்கும்? தன் பெரியம்மாவை அவள் சுவரில் மாட்டிய படத்தில்தான் கண்டிருக்கிறாள். போர் முடிந்த அந்தக் கிழமை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டதை நம்பி அக்கா வரிசையில் போய் நின்றாள், பஸ்ஸில் ஏறினாள், அம்மாவைப் பார்த்துக் கை காட்டினாள். இன்றுவரை வரவில்லை. உடையார்கட்டில் இப்போது பரமண்ணையும் இல்லை, வீடும் இல்லை, பங்கரைத் தூர்த்த இடத்தில் யாரோ வாழை வைத்திருக்கிறார்கள். அப்பாவும் போய்விட்டார். அம்மா மட்டும் கிளிநொச்சியில், பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் தெருவோரத்தில் போட்ட கொட்டகையில், அக்காவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். மகள் எங்கேயோ ஒரு சிறைக்குள் இருக்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அரசாங்கக் கந்தோரிலிருந்து வருகிறவர்கள் மரணச் சான்றிதழை எடுங்கோ, எடுத்தால் உதவி கிடைக்கும், எவ்வளவு காலத்துக்கு இப்படியே இருப்பீர்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். சொந்தக்காரரும் அதையேதான் சொல்கிறார்கள். எல்லோருக்கும் கதை முடிய வேண்டும், செத்துவிட்டாள் என்று முடிய வேண்டும். அந்தப் பெடியன்மேல் எனக்கு வந்த கோபம் இவர்கள் எல்லோர்மேலும் வந்த கோபம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கொட்டகையிலிருந்து வந்து விறாந்தைக் கதிரையில் களைத்துப்போய் இருந்தார். மகள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு, "அம்மம்மா, அந்த எலிப் படத்தில தாய் வராதாம். குட்டியை ஓட்டைக்குள்ள விட்டிட்டுப் போனது போனதுதானாம்" என்றாள். குசினி வாசலில் நின்று நான் கண்ணைக் காட்டியதை அவள் கவனிக்கவில்லை. அம்மா தேத்தண்ணியை மெல்லக் குடித்து முடித்தார்.

"அப்ப அந்தக் குட்டி எவ்வளவு காலம் உள்ளுக்க இருந்ததாம்?" என்று கேட்டார்.

எங்கள் பேச்சில் "உள்ளுக்க" என்றால் காவலில் என்றும் ஒரு பொருள் உண்டு. மகளுக்கு அது தெரியாது.

"அதைக் காட்டேல்லை, அம்மம்மா."

"சாப்பாடு ஆர் குடுத்தது?"

மகள் சிரித்துவிட்டாள். "அது எலி, அம்மம்மா."

"ஓம்," என்றார் அம்மா. "எலியெண்டாலும் பசிக்கும்தானே."